காலடியை எண்ணிய கணக்கர்கள்

யாரும் போகாத தேசத்துக்குப் போய்த் திரும்பிய ஒருவர், "இங்கிருந்து இத்தனை மைல் தூரத்தில் ஒரு நகரம் இருக்கிறது, அதன் உயரம் இவ்வளவு, அதைத் தாண்டி ஓர் ஆறு கிழக்கே ஓடுகிறது" என்று சொன்னால், அதை எதை வைத்து நம்புவது? கூடப் போனவர்கள் இல்லை, சாட்சியும் இல்லை. கதை சொல்கிறவரையும் கணக்குச் சொல்கிறவரையும் பிரித்துக் காட்டுவது எது?

இந்தக் கேள்விக்குப் பதிலாக 19-ஆம் நூற்றாண்டில் சில கருவிகள் தயாரானார்கள் தேசத்தில் பயன்பட்டன. கருவி என்றதும் பெரிய இயந்திரமாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜபமாலை, ஒரு ஜெபச் சக்கரம், ஒரு கைத்தடி, ஒரு மரக்கிண்ணம், கொஞ்சம் சோழி, அவ்வளவுதான். இவற்றை வைத்துக்கொண்டு திபெத் என்ற பூட்டிய வீட்டின் உள்ளளவை எடுத்து வந்தார்கள் சில மலைநாட்டு மனிதர்கள். நான் பாத்திரக் கடைக்காரன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பிழைப்புக்காக டேராடூன் வந்து சேர்ந்தவன். சர்வே படித்தவன் அல்ல. ஆனால் சிட்டை எழுதிப் பழகிய கைக்கு இந்த விஷயத்தின் ருசி தெரியும். ஹாத்திபர்கலா பக்கம் போகும்போதெல்லாம் சர்வே ஆஃப் இந்தியா அலுவலகத்தின் பெயர்ப் பலகையை நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இலாகாவின் பழைய கதைதான் இது.

சங்கிலியில் தொடங்கிய வேலை

கதையின் ஆரம்பம் நம்ம ஊரில்தான். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி எஃகுச் சங்கிலியை நீட்டித் தரையை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள ஒரு நேர்கோடு. அதை அடிப்படையாக வைத்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போவது திட்டம். கோணம் பார்க்க அவரிடம் இருந்த தியோடலைட் கருவியின் எடை சுமார் அரை டன்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இந்தக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துபோனது. லாம்டன் அதை ஓரங்கட்டவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் பாடுபட்டுத் தானே சரிசெய்தார். அந்த வேலைதான் அரை நூற்றாண்டில் இமயமலை வரை வந்து சேர்ந்தது.

மலைவரை வந்தது சரி, மலைக்கு அப்பால்? அரை டன் கருவியும் அதைத் தூக்கும் ஆட்களும் போக வேண்டுமானால் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். திபெத் அந்நியரை உள்ளே விடாத நாடாக இருந்தது. ஆங்கிலேயருக்கோ அந்த எல்லையைத் தெரிந்துகொள்ளும் அவசரம். ரஷ்யா ஒரு பக்கம், சீனா ஒரு பக்கம். இதில் அறிவுத் தாகமும் இருந்தது, சாம்ராஜ்யப் பசியும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஆள் போனார், ஏடு வந்தது

தாமஸ் ஜார்ஜ் மான்ட்காமரி என்ற சர்வே அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரன் போகமுடியாத இடத்துக்கு இந்நாட்டு வியாபாரியும் யாத்ரீகனும் சர்வசாதாரணமாகப் போய் வருகிறார்களே, அவர்களில் ஒருவருக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன? வியாபாரியை எந்த நாடும் முழுசாகக் கதவடைத்து நிறுத்துவதில்லை. உப்பும் கம்பளியும் யாருக்குத்தான் வேண்டாம்?

முதலில் 1863-இல் முகமது-இ-ஹமீது என்ற முன்ஷியை லடாக் வழியாக மத்திய ஆசியாவின் யார்க்கந்து நகருக்கு அனுப்பினார்கள். அவர் பல மாதம் அங்கே தங்கி, அளக்க வேண்டியதை அளந்தார். 1864-இல் திரும்பி வரும் வழியிலேயே இறந்துபோனார். ஆனால் அவருடைய குறிப்புகளும் கருவிகளும் சர்வே இலாகாவைச் சேர்ந்த வில்லியம் ஜான்சன் கைக்குக் கிடைத்தன. அதை வைத்து யார்க்கந்து வரைபடத்தில் தன் இடத்தைப் பெற்றது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆள் வரவில்லை, ஏடு வந்தது. அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே, வேறொருவர் படித்தாலும் புரியும்படி எழுதியிருந்ததால்தான் அது நடந்தது. "ஊருக்குப் போய் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்" என்று அவர் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தால், அந்தப் பயணம் அவரோடே போயிருக்கும்.

மிலாம் கிராமத்து வாத்தியார்

அடுத்து வந்தவர்தான் பெரும்புகழ் பெற்றவர். குமாவூன் மலையில், இன்றைய பித்தோராகட் மாவட்டத்து ஜோஹார் பள்ளத்தாக்கில் மிலாம் என்று ஒரு கிராமம். அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திபெத்தோடு வியாபாரம் செய்தவர்கள். அந்த ஊர் நயின் சிங் ராவத் பள்ளிக்கூட வாத்தியார். அதனால்தான் சர்வே இலாகாவில் அவருக்குப் 'பண்டிட்' என்று பெயர் வந்தது. பிறகு இப்படிப் போனவர்கள் எல்லோருக்குமே 'பண்டிட்டுகள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவரும் உறவினர் மானி சிங்கும் இந்த டேராடூனிலேயே பயிற்சி பெற்றார்கள்.

முதல் பாடம் நடப்பது! ஏற்றமோ இறக்கமோ, கல்லோ மணலோ, எங்கே நடந்தாலும் ஒரே அளவாக அடியெடுத்து வைக்கப் பழக்கினார்கள். நயின் சிங்கின் ஓர் அடி 31½ அங்குலம் என்று சொல்வார்கள். ஏறத்தாழ 2,000 அடி வைத்தால் ஒரு மைல். லாம்டனின் எஃகுச் சங்கிலி இருந்த இடத்தில் இப்போது மனிதனின் கால் வந்துவிட்டது.

மாலையும் சக்கரமும்

எண்ணிக்கொண்டே நடப்பது முடியும் என்றே வைத்துக்கொள்வோம். வழியில் யாராவது "எங்கே போகிறீர், எந்த ஊர்?" என்று கேட்டால் எண்ணிக்கை தப்பிவிடுமே? அதற்குத்தான் மாலை.

ஜபமாலைக்கு 108 மணி என்பது நாம் எல்லோரும் அறிந்தது. ஒவ்வொரு மரபும் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எங்கள் சமண மரபில், ஒரு செயலை எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்று நிலை 3. மனம், வாக்கு, காயம் என்று கருவி 3. தானே செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வகை 3. கோபம், மானம், மாயை, லோபம் என்று காரணம் 4. பெருக்கிப் பாருங்கள், 108 வரும். வினை வந்து சேரும் வாசல்கள் இத்தனை, அவற்றை நினைத்து மணி உருட்ட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். திபெத்துப் பௌத்தர்களின் மாலைக்கும் 108 மணிதான்.

பண்டிட்டுகளின் மாலையில் 100 மணி மட்டும். எட்டைக் குறைத்தால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி, அதாவது சுமார் 5 மைல். யாராவது பேச வந்தால், ஜபத்தில் இருப்பதாகப் பாவனை செய்தால் போதும். மரியாதையாக விலகிப் போய்விடுவார்கள்.

எண்ணியதை எழுத வேண்டுமே! திபெத்தியர்கள் கையில் சுழற்றும் ஜெபச் சக்கரத்துக்குள் மந்திரம் எழுதிய காகிதச் சுருள் இருக்கும். பண்டிட்டின் சக்கரத்துக்குள் இருந்ததோ வெற்றுச் சீட்டுகள். அன்றைய காலடிக் கணக்கு, திசை, வழியிலிருந்த ஊர், ஆற்றைக் கடந்த இடம் எல்லாம் அதில் ஏறின. திசைகாட்டியையும் ஜெபச் சக்கரத்தில் ஒளித்து வைத்தார்கள். பார்ப்பவருக்குப் பக்தர், உள்ளே இருந்தது சிட்டை.

உயரம் பார்க்க வெப்பமானி. அதன் இடம் கைத்தடிக்குள். வெப்பமானிக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்கவே மாட்டார்கள். மலைமேல் பருப்பு வேக நேரமாகும் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிப்பது, லாசாவில் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே தேநீருக்குத் தண்ணீர் வைப்பதுபோல் வைத்து, வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் ஊரின் உயரம் கிடைத்துவிடும்.

அட்சரேகை பார்க்க நட்சத்திரத்தின் உயரக் கோணம் வேண்டும். அதற்கு செக்ஸ்டன்ட் கருவி. அதைப் பெட்டியின் கள்ள அறையில் வைத்தார்கள். கடலில் அடிவானம் தெரியும், மலைநாட்டில் அடிவானம் ஏது? அதற்குப் பாதரசம். சோழிக்குள் அடைத்து எடுத்துப் போன பாதரசத்தை இரவில் மரக்கிண்ணத்தில் ஊற்றினால், அது தட்டையான கண்ணாடிபோல் நிற்கும். வானத்து நட்சத்திரத்துக்கும் கிண்ணத்தில் தெரியும் அதன் நிழலுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து, பாதியாக்கினால் கணக்குச் சரி. பகலில் அதே கிண்ணத்தில் வறுத்த மாவைப் பிசைந்து சாப்பிடலாம். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இத்தனையும் எடுத்துக்கொண்டு 1865-இல் புறப்பட்ட நயின் சிங், நேபாளம் வழியாக 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அனுமதியின்றி நுழைந்த ஒரு சீனரை அங்கே பொது இடத்தில் தலைவெட்டிக் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். அப்படியும் வேலையை விடவில்லை. அந்தப் பயணத்தில் கைப்பணம் கரைந்தபோது அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கிருந்த நேபாள வியாபாரிகளுக்கு நம் நாட்டு முறையில் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுத்துச் சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டார்! பிறகு சாங்போ ஆற்றை ஒட்டியே மேற்கே மானசரோவர் வரை நடந்து, 1866 அக்டோபரில் டேராடூன் திரும்பினார். ஏறத்தாழ 1,200 மைல். காலடியாகச் சொன்னால் சுமார் 25 லட்சம். லாசாவுக்கு அவர் கண்ட அட்சரேகை 29 பாகை 39 கலை. இன்றைய அளவும் அதுவேதான். உயரம் 11,700 அடி என்றார். இன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 12,000 அடி. 1877-இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. நம் அஞ்சல் துறை 2004-இல் தபால்தலை வெளியிட்டது.

எண்ணுகிறவர் வேறு, கூட்டுகிறவர் வேறு

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடுத்த அளவுகளிலிருந்து அட்சரேகையையும் உயரத்தையும் எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பண்டிட்டுகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்க்கும் எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு வர வேண்டும், கூட்டிக் கழிப்பது அலுவலகத்தார் வேலை. முடிவு தெரிந்தவன் முடிவுக்கு ஏற்றபடி எண்ணை வளைத்துவிடலாம், போகாத இடத்துக்குப் போனதாகவும் எழுதிவிடலாம் என்பதே இதன் காரணம். இதில் வெள்ளைக்கார அதிகாரியின் அவநம்பிக்கையும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கு என்ற முறையில் பார்த்தால் அது பண்டிட்டுகளையே காப்பாற்றியது. அவர்கள் எண்ணைச் சமைத்திருக்க முடியாது என்பதால், பின்னால் யாரும் சந்தேகிக்கவும் முடியவில்லை.

இன்னொரு காவலும் உண்டு. காலடிக் கணக்கில் தினம் கொஞ்சம் பிசகினாலும் நூறு நாளில் அது பெருகிவிடும். ஆனால் நட்சத்திரம் பார்த்து எடுத்த அட்சரேகை தனிக் கணக்கு. ஒரு பாகை வடக்கே போனால் தரையில் சுமார் 69 மைல். ஆகவே இரண்டு இடங்களின் அட்சரேகை தெரிந்தால், அவற்றுக்கு இடையே வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் என்று காலடியை நம்பாமலே சொல்லிவிடலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிசகு எங்கே என்று தெரிந்துவிடும். கடை சாத்தும்போது சிட்டையில் உள்ள வரவையும் கல்லாவில் உள்ள ரொக்கத்தையும் ஒத்துப்பார்க்கிறோமே, அதுதான் இது. இரண்டும் தனித்தனியாக வந்தால்தான் ஒத்துப்பார்ப்பதற்கு அர்த்தம். கல்லாவைப் பார்த்துச் சிட்டை எழுதுகிறவர் யாரை ஏமாற்றுகிறார்?

நயின் சிங்கின் உறவினர் கிஷன் சிங் 1878 முதல் 1882 வரை லாசா தாண்டி, மங்கோலியர் வாழும் பகுதிகளைக் கடந்து, சீனாவின் துன்ஹுவாங் வரை போனார். இலாகா ஏடுகளில் அவர் பெயர் வெறும் 'ஏ.கே.'. வழியில் கொள்ளைக்காரர் பயத்தால் கொஞ்ச தூரம் குதிரையில் போக வேண்டி வந்தது. குதிரைமேல் இருப்பவருக்குக் காலடி ஏது? அவர் குதிரையின் முன்னங்கால் ஒன்று தரையில் படும் தடவைகளை எண்ணிக்கொண்டே போனார். வேலைக்காரன் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும் குறிப்பை விடவில்லை. சுமார் 2,800 மைல் அளந்து திரும்பியபோது அவருடைய ஒரே மகன் இறந்துபோயிருந்தான்.

எழுதத் தெரியாத கிந்தூப்

இத்தனைக்கும் நேர்மாறான ஒருவரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சிக்கிமைச் சேர்ந்த கிந்தூப், டார்ஜிலிங்கில் தையல்காரர். துணிவும் நினைவாற்றலும் உள்ளவர். எழுதப் படிக்கத் தெரியாது.

திபெத்தின் சாங்போதான் அஸ்ஸாமின் பிரம்மபுத்திராவா என்பது அந்நாளில் பெரிய கேள்வி. நடுவே ஆழமான பள்ளத்தாக்கு, யாரும் போனதில்லை. 1880-இல் கேப்டன் ஹென்றி ஹார்மன் ஒரு லாமாவை அனுப்பி, துணைக்குக் கிந்தூப்பையும் அனுப்பினார். எழுதும் வேலை லாமாவுடையது. முடிந்தவரை ஆற்றோடு போய், அடையாளம் இட்ட மரத்துண்டுகளை ஆற்றில் விட வேண்டும், கீழே அஸ்ஸாமில் ஆள் வைத்துப் பார்ப்பார்கள் என்பது ஏற்பாடு. அந்த லாமா 1881-இல் கிந்தூப்பை ஒரு கிராமத்தில் அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார்.

கிந்தூப் தப்பி ஓடினார். ஊருக்கு ஓடவில்லை, ஆற்றை நோக்கி ஓடினார். மார்பூங் என்ற இடத்து மடத்தலைவர் 50 ரூபாய் கொடுத்து அவரை மீட்டுத் தம்மிடம் வேலைக்கு வைத்துக்கொண்டார். யாத்திரை போகிறேன் என்று விடுப்புக் கேட்டுக் கேட்டு, 500 மரத்துண்டுகளை வெட்டி ஒளித்து வைத்தார். பிறகு லாசா வரை நடந்து, அங்கே ஒருவரை எழுதச் சொல்லி ஹார்மனுக்குக் கடிதம் அனுப்பினார். இன்ன மாதம், இன்ன தேதி முதல் தினம் 50 துண்டு விடுவேன் என்று தகவல். சொன்ன தேதியில் சொன்னபடியே பத்து நாள் விட்டார். 500 துண்டும் மிதந்து போயின. பார்க்க ஒருவரும் இல்லை. கடிதம் காலத்தில் போய்ச் சேரவில்லை. ஹார்மன் இந்தியாவை விட்டே போய்விட்டார், 1883-இல் இறந்தும்போனார்.

1884-இல் கிந்தூப் திரும்பி வந்து, நான்கு வருஷத்து வழியையும் ஊர் ஊராக நினைவிலிருந்து சொன்னார். இன்னொருவர் எழுதினார், மற்றொருவர் ஆங்கிலமாக்கினார். கை மாறியதில் ஒரு பிசகு நேர்ந்தது. கியாலா என்ற இடத்தில் ஒரு சிற்றோடையின் உயரமான வீழ்ச்சியும் சாங்போவின் சிறிய வீழ்ச்சியும் ஒன்றாகக் குழம்பி, சாங்போவிலேயே 150 அடி அருவி இருப்பதாக ஏட்டில் ஏறிவிட்டது. குறிப்புச் சீட்டு ஒன்றும் இல்லாததால் அவர் சொன்னதை முழுசாக நம்புவாரும் இல்லை. அவர் பழையபடி தையல் வேலைக்குப் போனார்.

1913-இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தார்கள். அருவியைத் தவிர, கிந்தூப் சொன்ன வழியும் ஊர்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பெய்லி அவரைத் தேடிப் பிடித்து, அரசிடம் மன்றாடி 1,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு கிந்தூப் அதிக காலம் இருக்கவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் உண்மையைச் சொன்ன ஒரு மனிதர் சந்தேகத்தின் கீழ் வாழ்ந்தார். அவர் நினைவு அவரைக் கைவிடவில்லை. அவர் சொன்னதை அவர் கையே எழுதாததுதான் குறை.

நம் வீட்டுச் சிட்டை

இதையெல்லாம் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவானேன் என்று கேட்கலாம். நாமும் தெரியாத ஊருக்கு வந்தவர்கள்தான். எந்த வருஷம் எந்த ரயிலில் வந்தோம், முதல் மாச வாடகை என்ன, எந்தக் கடையில் பச்சரிசி கிடைத்தது, பொங்கல் பானையை எந்த மொட்டை மாடியில் வைத்தோம், சங்கத்துக்கு முதல் சந்தா யார் கொடுத்தார்கள், இவை எல்லாம் நம் நினைவில் இருக்கின்றன. நம் பேரக் குழந்தைகளோ தமிழ் பேசுவார்கள், பலருக்கு எழுத வராது. நாளை அவர்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ "தாத்தா இப்படிச் சொன்னார்" என்று எழுதும்போது, ஓடையும் ஆறும் ஒன்றாகக் கலந்துவிடும். அது அவர்கள் தப்பு ஆகாது.

ஆகவே பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, இடம், தொகை, பெயர் ஆகியவற்றைத் தெரிந்தவரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். "மிகவும் கஷ்டப்பட்டோம்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. "மாசச் சம்பளம் இவ்வளவு, அதில் ஊருக்கு அனுப்பியது இவ்வளவு" என்று எழுதுங்கள், கஷ்டத்தை அவர்களே கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள். கணவர் எழுதியதைப் பார்த்து மனைவி எழுத வேண்டாம். இருவரும் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒத்துப்பாருங்கள். பழைய ரேஷன் கார்டு, வாடகை ரசீது, கல்யாணப் பத்திரிகை இருந்தால் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். பேரனுக்கோ பேத்திக்கோ தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க நல்ல பாடப்புத்தகம் தேடுகிறவர்களும் அந்த நோட்டையே எடுத்துக்கொள்ளலாம்.